வெள்ளிக்கிழமை எடை கூடிய மண்

மண்ணைச் சுட்டால் எடை குறையும். சூளைக்காரனுக்கு இது தெரியும். சட்டி வாங்குகிற பெண்ணுக்குத் தெரியும். பச்சைக் கல்லைச் சூளைக்கு இழுத்துப் போய், சுட்ட கல்லைத் திரும்ப இழுத்து வருகிற மலாக்கா மாட்டுக்கும் நிச்சயம் தெரிந்திருக்கும். ஆனால் கம்பெனி என்று ஒன்று வந்துவிட்டால், மாட்டுக்குத் தெரிந்ததைக்கூட மில்லிகிராமில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் சொருகினால்தான் அது உண்மை. அந்த வேலைக்காகத்தான் மலாக்காவின் காஜா பேராங்கிலிருந்த ஓட்டுக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ராஜரத்தினத்தைப் பதினோரு வருஷமாக வைத்திருந்தார்கள்.

ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்பு யாரோ குடியிருந்த வீட்டின் இரண்டு அறைகள், அவ்வளவுதான். ஒன்றில் மேலதிகாரி வில்மட் துரையும் அவருடைய மின்விசிறியும். மற்றதில் உதவியாளன் ராஜரத்தினமும் உலைத் தராசும். விசிறி சுற்றினால் தராசு ஆடும் என்பதால் ராஜரத்தினத்துக்கு விசிறி கிடையாது. பக்கத்தில் உலை வேறு எரியும். பதினோரு வருஷமாக அவன் சட்டை காய்ந்து யாரும் பார்த்ததில்லை.

உலைத் தராசைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வம்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு. அதன் இடது கையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று மேசைத் துளை வழியாகக் கீழே இறங்கும். கம்பி நுனியில் கட்டைவிரல் பருமனில் ஒரு பீங்கான் மூசை, சூடு தாங்குகிற சின்னக் கிண்ணம். மூசைக்குள் ஒரு கிராம் மண், அதைச் சுற்றி மின்சார உலை. வலது கையில், இந்தப் பாரத்துக்கு ஈடாக ஒரு பித்தளைக் குண்டு. உலையைச் சூடேற்றிக்கொண்டே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சூட்டையும் எடையையும் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. முன்னமே உலர்த்திய மண் என்பதால் முதல் ஒரு மணி நேரம் கோடு பாயில் படுத்தவன் மாதிரி நேராகக் கிடக்கும். நானூற்றைம்பது டிகிரி தாண்டினதும், மண்ணுக்குள் ஒளிந்திருக்கிற கடைசித் தண்ணீரும் கிளம்பிப் போக, கோடு தடதடவென்று இறங்கும். திங்கட்கிழமை முதல் குழி மண், புதன்கிழமை இரண்டாம் குழி, வெள்ளிக்கிழமை மூன்றாம் குழி. பதினோரு வருஷமாக எல்லாக் கோடும் ஒழுங்காகப் படுத்து ஒழுங்காக இறங்கின.

பிறகு மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். வில்மட் துரையின் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, அந்த நாற்காலியில் இனி உள்ளூர் ஆள்தான் உட்கார வேண்டும் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உள்ளூர் ஆள் என்று தேடினால், அந்தத் தராசின் மூக்கும் முழியும் தெரிந்தவன் ராஜரத்தினம் ஒருவன்தான். அவன் வாய்விட்டு ஆசைப்படவில்லை. அவனுக்கும் சேர்த்து அவன் மனைவி கோகிலா ஆசைப்பட்டாள். ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவில், துரைமார் கட்டுகிற மாதிரி நீலக் கழுத்துப்பட்டை ஒன்று வாங்கி வந்து, அதை அலமாரிக் கண்ணாடியில் மாட்டியே வைத்துவிட்டாள். தலை சீவும்போதெல்லாம் ராஜரத்தினம் தன் கழுத்துக்கு நேராக அந்தப் பட்டையைப் பார்த்தான். நாளாக ஆக, அது இல்லாமல் தன்னை நினைத்துப் பார்க்கவே அவனுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் தொடக்கத்தில் வந்தது. முன்பெல்லாம் துரைக்குப் பயந்து கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று ஒரு கும்பிடு போடுவதோடு சரி. நாட்டுக்கே சுதந்திரம் கிடைத்த பிறகும் தராசுக்கு ஒரு பொட்டு வைக்க முடியாதா என்று இந்த முறை அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கே வைப்பது என்று யோசித்தான். தராசின் கையில் வைக்கக் கூடாது, கம்பியில் வைக்கக் கூடாது, கண்ணாடியில் வைத்தால் எண் தெரியாது. பித்தளைக் குண்டு ஒன்றுதான் நெற்றி போல வழவழவென்று இருந்தது. பன்னீரில் குழைத்த சந்தனத்தை அதில் வைத்து, நடுவில் குங்குமம் தொட்டு வைத்தான். விவரம் தெரிந்தவன் அல்லவா, பொட்டின் எடை கணக்கைக் கெடுத்துவிடாதபடி உடனே தராசைச் சரிக்கட்டிப் பூஜ்யத்தில் நிறுத்தினான். துரை எட்டிப் பார்த்து, "அழகாக இருக்கிறது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

துரையே அழகு என்று சொன்னதும் வெள்ளிக்கிழமைதோறும் அது வழக்கமாகிவிட்டது. காலை எட்டே முக்காலுக்குப் பழைய பொட்டைத் துடைப்பான், புதிய பொட்டு வைப்பான், பூஜ்யத்தில் நிறுத்துவான், கும்பிடுவான், உலையைப் போடுவான். சந்தனக் கட்டியும் குங்குமமும் பித்தளைக் கிண்ணத்தில் மேசை இழுப்பறைக்குள்ளேயே இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமைகளில்தான் மூன்றாம் குழி மண் எடை கூட ஆரம்பித்தது.

பாயில் படுத்துக் கிடக்க வேண்டிய கோடு எழுந்து நின்றது. கால் மணி நேரத்தில் இரண்டு மில்லிகிராம், அரை மணியில் ஏழு, ஒரு மணியில் பன்னிரண்டு. பன்னிரண்டு மில்லிகிராம் என்பது அரை அரிசி எடை. ஆனால் ராஜரத்தினம் அதைச் சும்மா விடவில்லை. எறும்பு ஏறியிருக்குமோ என்று பார்த்தான். ஜன்னல் காற்றோ என்று ஜன்னலை அடைத்தான். மூசையைச் சரியாகக் கழுவவில்லையோ என்று, பாத்திரம் கழுவிக் கூட்டிப் பெருக்குகிற அஞ்சலையைக் கேட்டான்.

"என் கையால கழுவுன மூசையில பாலு காய்ச்சிக் குடிக்கலாங்கய்யா" என்றாள் அஞ்சலை.

கடைசியில், செய்ய வேண்டியதையும் செய்தான். மண்ணே போடாமல் காலி மூசையைத் தொங்கவிட்டு உலையை ஏற்றிப் பார்த்தான். கோடு நேராகக் கிடந்தது. தராசில் குற்றமில்லை என்று துரை முடிவு கட்டினார். அந்தச் சோதனையைச் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்பதை இருவரும் நினைக்கவில்லை.

தராசில் குற்றமில்லை என்றால் மண்ணில்தான் ஏதோ மகிமை இருக்க வேண்டும். அவரவர் கையிலிருக்கிற மகிமையை அவரவர் மண்ணில் போட்டார்கள். ஆபீஸ் கணக்கு எழுதுகிற தலைமைக் கிராணி தேவதாஸ், ஜப்பான்காரன் காலத்தில் மூன்றாம் குழியில் எதையோ புதைத்தார்கள், தன் கண்ணால் லாரியைப் பார்த்தேன் என்றார். குழி இருந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் காசிவிஸ்வநாதன் செட்டியார். அவர் சேதி கேள்விப்பட்ட அன்றே ஆய்வுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, ஆகஸ்டு மாசம் வரைக்கும் இந்த மண்ணு சும்மாத்தானே கெடந்துச்சு?"

"ஆமாங்க செட்டியார்."

"மெர்டேக்காவுக்கு அப்புறந்தானே கனம் ஏறுது? சொந்த மண்ணு ஆயிருச்சில்ல. அதான். தொரை சொல்ல மாட்டாக. நீங்க சொல்லுங்க."

துரை சொல்லத்தான் இல்லை. அவருக்கு வேறு யோசனை. மூன்றாம் குழி மண்ணிலுள்ள ஏதோ ஓர் அபூர்வ இரும்பு சூட்டில் காற்றை உறிஞ்சி எடை கூடுகிறது, உலகத்தில் எங்கும் எந்த மண்ணும் இப்படிச் செய்ததில்லை என்று பதினான்கு பக்கக் கட்டுரை எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். அதற்கு 'வில்மட் விளைவு' என்று பெயரும் வைத்துவிட்டார். இருபது வருஷம் ஓட்டுக் கம்பெனியில் வியர்வை சிந்திவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்ப இருந்த மனிதர், பாவம், ஒரு விளைவோடு திரும்பலாம் என்று ஆசைப்பட்டதில் தப்பில்லை. கம்பெனித் தலைவரும், சிங்கப்பூரிலிருந்து டாக்டர் தியோ என்கிற மண் நிபுணரும் நவம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடாயிற்று.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. மணி பதினொன்றிருக்கும். ராஜரத்தினம் அன்றைய கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். தாளின் மேல் மெல்லிய மஞ்சள் துணுக்கு ஒன்று விழுந்தது. ஊதித் தள்ளினான். இன்னொன்று விழுந்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்தான். பிறகுதான் நெற்றியைத் தொட்டான். காலையில் குளித்துவிட்டு ஈரமாக வைத்த சந்தனம் உலைச் சூட்டில் காய்ந்து, வெடித்து, உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு துணுக்கை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தான். எடையே இல்லை. காலையில் வைத்தபோது எவ்வளவு குளுகுளுவென்று கனமாக இருந்தது என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் கழுத்து தானாகத் திரும்பியது. கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளைக் குண்டின் நெற்றியிலும் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பொட்டின் எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டவன், அதற்குள்ளிருந்த தண்ணீரை மறந்துவிட்டான். காலையில் பூஜ்யத்தில் நிறுத்துகிறோம். சந்தனம் காயக் காய வலது பக்கம் இலேசாகிறது. வலது பக்கம் இலேசானால் இடது பக்கம் தாழத்தானே செய்யும்? மண் எடை கூடவில்லை. சாமிக்கு வைத்த பொட்டு எடை குறைந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அலமாரிக் கண்ணாடியில் தொங்குகிற நீலப் பட்டை ஞாபகம் வந்தது. வந்த சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை முதல் குழி மண்ணை ஒதுக்கிவிட்டு, பொட்டு வைக்காமல் மூன்றாம் குழி மண்ணைச் சுட்டான். கோடு நேராகக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை குண்டுக்குப் பொட்டு வைத்துவிட்டுக் காலி மூசையைத் தொங்கவிட்டான். ஒன்றுமே இல்லாத மூசை பன்னிரண்டு மில்லிகிராம் எடை கூடியது. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு புதன்கிழமை காலை துரையின் அறைக்குள் போனான்.

துரை இரண்டு தாளையும் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு விசிறியைப் பார்த்தார்.

"ராஜரத்தினம், உன்மேல் எனக்கு மரியாதை உண்டு" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "அதனால்தான் சொல்கிறேன். ஒரு விஞ்ஞான ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டு, உங்கள் சாமிச் சாந்து மண்ணின் எடையை மாற்றிவிட்டது என்கிறாய். இது மூடநம்பிக்கை."

"சாந்து காய்ந்தால் அதிலுள்ள தண்ணீர் போய்விடும் என்றுதான் சொல்கிறேன், ஐயா."

"பார், மறுபடியும் சாந்து. இந்தப் பேச்சை இங்கே கொண்டுவராதே."

தண்ணீர் ஆவியாகும் என்பது மூடநம்பிக்கையாகவும், மண் வெள்ளிக்கிழமை மட்டும் காற்றைத் தின்னும் என்பது விஞ்ஞானமாகவும் ஆகிவிட்டது. துரை எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"வெள்ளிக்கிழமை எல்லாம் நல்லபடியாக நடந்தால், ஜனவரியில் இந்த நாற்காலியில் நீதான் உட்காருவாய். நல்லபடியாக நடக்க வேண்டும். எப்போதும் எப்படிச் செய்வாயோ அப்படியே செய்."

எப்போதும் செய்வது என்றால் என்ன என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை விட்டதும் ராஜரத்தினம் குண்டைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பளபளவென்று துடைத்து மாட்டினான். வீட்டுக்குப் போய்க் கோகிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கோப்பி கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"பொட்டு வெக்காம விட்டா வேல கெடைக்காதா?"

"கெடைக்காது."

"வெச்சா?"

"கெடைக்கும்."

"அப்ப சாமிக்கு வெக்கிறோம்னு நெனைச்சிக்கிட்டு வெச்சிருங்களேன். அஞ்சு வாரமா வெச்சீங்கதானே?"

"அது சாமிக்கு வெச்சது கோகிலா. நாளைக்கு வெச்சா அது தொரைக்கு."

கோகிலா கரண்டியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். ஆசை அவள் முகத்தில் அப்படியே இருந்தது, அதை மறைக்கக்கூட அவள் முயலவில்லை. கோப்பியை அவன் கையில் கொடுத்துவிட்டு, "அப்ப வேணாம்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் அவளை ஆயுசுக்கும் கும்பிடலாம் என்று தோன்றியது. நீலப் பட்டையை மட்டும் அவள் கழற்றவில்லை.

வெள்ளிக்கிழமை ராஜரத்தினம் எட்டரைக்கு வந்தபோது துரை அவனுக்கு முன்பே தராசு அறையில் இருந்தார். பதினோரு வருஷத்தில் நடக்காத அதிசயம்.

"இன்றைக்கு எல்லாவற்றையும் நானே தயார் செய்துவிட்டேன். நீ வாசலில் நின்று விருந்தினர்களை அழைத்து வா" என்றார். வலது கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. பெரிய மனிதர்கள் வருகிற நாளில் துரைமார் அப்படித்தான் நிற்பார்கள் என்று ராஜரத்தினம் நினைத்துக்கொண்டான்.

கம்பெனித் தலைவர் வந்தார். குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு டாக்டர் தியோ வந்தார். அழைக்காமலே செட்டியாரும் வந்தார், பட்டுக்கரை வேட்டியோடு. அவர் பின்னால் தேவதாஸும் வந்து நின்றார். துரை எல்லோருக்கும் தலையை மட்டும் தாழ்த்தி வணக்கம் சொன்னார். உலை ஏறியது. ராஜரத்தினம் தராசின் முன்னால் உட்கார்ந்து எண்களை உரக்கப் படித்தான். ஐந்து நிமிஷம், பூஜ்யம். பத்து நிமிஷம், ஒன்று. பதினைந்து நிமிஷம்.

"இரண்டு மில்லிகிராம் அதிகம்" என்று அவன் குரலே அவன் காதில் விழுந்தது.

இருபது நிமிஷத்தில் நான்கு. நேற்று தன் கையால் துடைத்த குண்டு. பொட்டே கிடையாது. அப்படியென்றால்? அப்படியென்றால் மண் மெய்யாகவே எடை கூடுகிறதா? தான் கண்டுபிடித்ததுதான் பிசகா? துரை சொன்னதுதான் சரியா? அந்த ஐந்து நிமிஷம் ராஜரத்தினம் பிறந்ததிலிருந்து இல்லாத அளவு சந்தோஷமாக இருந்தான். பொய் சொல்லாமலே நாற்காலி கிடைக்கிறதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? தன் புத்தியைவிட இந்த மண் பெரியது என்று மனசாரக் கும்பிட்டான்.

இருபத்தைந்தாவது நிமிஷத்தில் கம்பெனித் தலைவர் அவன் பக்கம் திரும்பினார்.

"அடுத்து வரப்போகிற ஆள் நீதானே? இது எதனால் என்று நீ சொல், கேட்போம்."

துரை புன்னகை செய்தார். வில்மட் விளைவு என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதற்கு வாயைத் திறந்தும் விட்டான். ஆனால் பதினோரு வருஷம் புள்ளி வைத்த கை, வாயை விடவில்லை.

"தெரியாது ஐயா" என்றான். "இப்போதே, இன்றைக்கே, காலி மூசையைத் தொங்கவிட்டுப் பார்த்தால் சொல்லிவிடலாம்."

"அதெல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தாயிற்று" என்றார் துரை அவசரமாக.

"இன்னொரு தடவை பார்ப்பதில் என்ன நஷ்டம்?" என்றார் டாக்டர் தியோ.

ராஜரத்தினம் இடுக்கியால் மண் மூசையை எடுத்துவிட்டுக் காலி மூசையை மாட்டினான். எடைக்கற்களை மாற்றிப் பூஜ்யத்தில் நிறுத்தினான். ஐந்து நிமிஷத்தில் ஒன்றரை மில்லிகிராம் கூடியது. பத்து நிமிஷத்தில் மூன்று. ஒன்றுமே இல்லாத மூசை கண்ணெதிரே கனத்துக்கொண்டு போயிற்று.

செட்டியார் கைகூப்பிவிட்டார். "பாத்தீகளா! எங்க மண்ணு இருந்த எடங்கூடக் கனக்குது!"

டாக்டர் தியோவுக்கு அவ்வளவு பக்தி இல்லை. அவர் தராசைச் சுற்றி நடந்து, பெட்டியின் பின்கதவைத் திறந்து, குனிந்தார். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாதபடி, குண்டின் முதுகில் ஈரம் காயாத ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. நடுவில் குங்குமம்.

"இதை யார் வைத்தது?"

தலைவர், தேவதாஸ், செட்டியார் எல்லோருடைய பார்வையும் மெல்ல நகர்ந்து ஒரே இடத்தில் போய் நின்றது. ராஜரத்தினத்தின் நெற்றியில். அங்கே அதே சந்தனம், அதே குங்குமம், அதே வட்டம்.

"நான் வைக்கவில்லை" என்றான் அவன். "இப்படி நடக்கும் என்று புதன்கிழமையே துரையிடம் சொன்னேன்."

"சொன்னான்" என்றார் துரை வருத்தத்தோடு. "சாந்தைப் பற்றிப் பேசினான். இந்தப் பேச்சை இங்கே கொண்டுவராதே என்று நானும் கண்டித்தேன். நல்ல பையன்தான். ஆனால் பழக்கம் விடவில்லை." தலைவரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "நாம் கொஞ்சம் அவசரப்படுகிறோமோ என்று தோன்றுகிறது, ஐயா. இவர்கள் தயாராக இன்னும் ஆறு மாதமாவது ஆகும். வேண்டுமானால் அதுவரை நான் இருக்கிறேன்."

விளைவு போனாலும் வேலை போகவில்லை துரைக்கு. தலைவர் தலையாட்டினார். சாப்பிட்டுவிட்டு வந்து மற்றதைப் பேசலாம் என்று எல்லோரும் பண்டார் ஹிலிருக்குக் காரேறிப் போனார்கள். துரை மட்டும் வேலை இருக்கிறது என்று தங்கிக்கொண்டார். ராஜரத்தினம் தராசு அறையில் உட்கார்ந்திருந்தான். நேற்று நாம் சரியாகத் துடைக்கவில்லையோ, நம் கையே நம்மை அறியாமல் வைத்துவிட்டதோ என்றுகூட நினைத்துப் பார்த்தான். நெற்றியைத் துடைத்துவிடலாமா என்று கையைக் கொண்டுபோனான். துடைத்தால் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று கையை இறக்கிவிட்டான்.

பக்கத்து அறையில் தட்டச்சு இயந்திரம் படபடத்தது. சற்று நேரத்தில் துரையே வந்து வாசல் பலகையில் ஓர் அறிவிப்பைக் குத்திவிட்டுப் போனார். மதச் சின்னங்களையும் சாந்துகளையும் ஆய்வுக்கூடக் கருவிகளில் பூசுவது இன்றுமுதல் தடை செய்யப்படுகிறது, மீறுவோர் வேலையிலிருந்து நீக்கப்படுவர், இப்படிக்கு எஃப். வில்மட்.

இரண்டரை மணிக்குக் கார் திரும்பி வந்தது. அவர்கள் படியேறும்போது அஞ்சலை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பலகையைப் பார்த்து நின்றாள். இன்னும் கிட்டப் போனாள். அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆனால் மாசாமாசம் கிராணி நீட்டுகிற ஏட்டில் மை தொட்டுக் கட்டைவிரலை வைத்து வைத்து, அந்த ஒரு விஷயத்தில் அவளைவிட அனுபவஸ்தர் அந்தக் கம்பெனியில் கிடையாது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"கிராணியய்யா! இங்க வந்து பாருங்க! தொரைக்கும் எழுதத் தெரியாதா? நம்மள மாதிரி கைநாட்டுல்ல வெச்சிருக்காரு!"

ராஜரத்தினம் ஓடி வந்தான். தேவதாஸ் வந்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில், ஆணி குத்துவதற்காகக் காகிதத்தைப் பலகையோடு சேர்த்து அழுத்திப் பிடித்த இடத்தில், தெள்ளத் தெளிவாக ஒரு கட்டைவிரல் ரேகை. குங்குமச் சிவப்பில், ஓரத்தில் சந்தன மஞ்சளோடு. துடைத்தும் சாயம் போகாமல் காலையிலிருந்து பைக்குள் வியர்த்துக் கிடந்த விரல் அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தது.

"அந்த அம்மாள் என்ன சொல்கிறார்?" என்று டாக்டர் தியோ கேட்டார்.

தேவதாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ராஜரத்தினம்தான் மொழிபெயர்த்தான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

"துரையும் தன்னைப் போலக் கட்டைவிரலால்தான் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்கிறார், ஐயா."

டாக்டர் தியோ கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். தலைவரும் முகர்ந்தார். அதற்குள் சத்தம் கேட்டு வில்மட் துரை வெளியே வந்தார், வலது கையைப் பையில் விட்டபடி. டாக்டர் தியோ ரொம்ப மரியாதையாக அவரிடம் நடந்து போனார்.

"காலையில் நாம் கைகுலுக்க மறந்துவிட்டோம், மிஸ்டர் வில்மட்" என்று வலது கையை நீட்டினார்.

கை நீட்டியபடியே இருந்தது. துரையின் கை பைக்குள்ளேயே இருந்தது. துரை சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. முகம்தான் பொட்டின் நிறத்துக்கு வந்தது. தலைவர் பலகையிலிருந்த தாளைக் கழற்றி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டாக்டர் தியோ நீட்டிய கையை மடக்காமல் அப்படியே ராஜரத்தினத்தின் பக்கம் திருப்பினார்.

"காலி மூசையைத் தொங்கவிடச் சொன்னவர் நீங்கள்தானே? இன்றைய அறிக்கையை நீங்களே எழுதி, உங்கள் பெயரைப் போட்டு அனுப்புங்கள். ஜனவரியில் வருகிற அறிக்கைகளையும்."

தலைவர் அதற்கும் தலையாட்டினார். பதினோரு வருஷம் புள்ளி வைத்த கையால் ராஜரத்தினம் அந்தக் கையைக் குலுக்கினான். செட்டியார் மட்டும் கவலையோடு அவனைத் தனியே இழுத்தார்.

"தம்பி, அதெல்லாம் சரி. அப்ப எங்க மண்ணு?"

"கொறையும் செட்டியார்" என்றான் ராஜரத்தினம். "சுட்டா கொறையும். மண்ணுதானே."